எட்டைக் காணோம்

டர்பன்
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசு,

இந்த ஊரில் சனிக்கிழமை மத்தியானம் நமக்கென்று இருக்காது. யாராவது ரக்பி பார்க்க இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு வாய்த்தது ஒரு உள்ளூர் கிளப் ஆட்டம். பக்கத்தில் இந்திய வம்சாவளிப் பெரியவர் ஒருவர், சட்டை எண்களைப் பற்றிக் கேட்காமலே பாடம் எடுத்தார்.

கிரிக்கெட்டில் தோனி என்றால் 7, அது அவர் சொத்து. இங்கே எண் ஆளுக்கு இல்லை, இடத்துக்கு. ரயில் பெர்த் மாதிரி. யார் போட்டாலும் 9 ஸ்கிரம் என்ற தள்ளுமுள்ளுக் கூட்டத்திலிருந்து பந்தை எடுத்து வீசுகிறவன், 10 ஆட்டத்தை நடத்துகிறவன், 15 கடைசிக் காவல். 16 முதல் 23 வரை பெஞ்ச். எட்டாமவனுக்கு வேறு பெயரே கிடையாது. 'நம்பர் எயிட்' என்பதுதான் உத்தியோகம்.

அந்த எட்டின் சட்டை முதல் பாதியிலேயே தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்தது. பெரிய அணிகள் மாற்றுச் சட்டையிலும் எண் அடித்து வைத்திருக்கும்; ரத்தக்கறை பட்டாலே மாற்றியாக வேண்டுமே. இந்தக் கிளப்காரர் பையைக் குடைந்து எடுத்துப் போட்டதோ எண்ணே இல்லாத சட்டை. அவ்வளவுதான், ஆள் காணாமல் போய்விட்டான்! அப்புறம் அவன்தான் பிரமாதமாக ஆடினான். ஆனால் கூட்டம் எதைச் சொல்லிக் கத்தும்? முந்தின நிமிடம்வரை "எயிட், எயிட்" என்று அலறியவர்கள் வெறும் முதுகைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எண்ணைத்தான் கொண்டாடுகிறோம், ஆளை அல்ல என்று பட்டது.

அதைச் சொன்னேன். பெரியவர் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். மற்ற நாடுகளில் பெரும்பாலும் ஓபன்சைட் ஃபிளாங்கர் என்ற இடத்துக்கு 7, தென்னாப்பிரிக்காவில் 6. 1995 ரக்பி உலகக் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்கக் கேப்டன் பியனார் போட்டது அந்த 6. எல்லிஸ் பார்க் மைதானத்துக்கு மண்டேலாவும் முதுகில் 6 போட்ட அதே பச்சைச் சட்டையில் வந்தார். வெள்ளை ஆட்சியின் அடையாளமென்று கறுப்பர்கள் வெறுத்த சட்டை அது. "அதுவரை நாங்கள் எதிரணிக்குத்தான் கைதட்டுவோம்" என்றார் பெரியவர். அன்று நியூசிலாந்தை 15-12 என்று ஜெயித்தார்கள். ஒரே அணிக்கு இரண்டு ஆறு. யாரும் கணக்குக் கேட்கவில்லை. எண் இடத்துக்குத்தான் என்றால், அந்த இடத்தில் தனக்கும் பங்குண்டு என்று மண்டேலா சட்டையாலேயே சொல்லிவிட்டார்.

நம் கபடிக் குழுவுக்கு ஜெர்சி தைக்கக் கொடுக்கப் போகிறாய் அல்லவா? உபரிச் சட்டைக்கும் எண் அடித்தே வாங்கு. அதில் காசு மிச்சம் பிடிக்காதே.

அன்புடன்,
ரவி