பூட்டும் பரிசும்

பூட்டுச் செய்பவன் தன் பூட்டின் குறையைத் தானே காண்பது அரிது. அதனைத் திறக்க முயல்பவனே குறையைக் காண்கின்றான். அவ்வாறு கண்டவனைக் கள்வன் என்பதா, துணைவன் என்பதா? இப்பழைய வினாவிற்கு வீடியோ விளையாட்டுப் பொறிகளின் அண்மைக்கால வரலாறு இருவேறு விடைகளைத் தந்துள்ளது.

யப்பானின் சோனி நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட பிளேஸ்டேசன் 3 என்னும் பொறியில், வாங்கியவர் விரும்பின் லினக்ஸ் போன்ற வேறோர் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளும் வசதி இருந்தது. 2010 ஜனவரியில் ஜோர்ஜ் ஹொட்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர் அப்பொறியின் உட்காவலைக் கடந்துவிட்டதாக அறிவித்தார். பாதுகாப்பைக் காரணங்காட்டி, அவ்வாண்டு ஏப்ரலில் நிறுவனம் அவ்வசதியை நீக்கிற்று. விலைகொடுத்து வாங்கிய பொருளின் பயனொன்று, வாங்கியபின் பறிக்கப்பட்டது.

அவ்வாண்டு டிசெம்பரில் பேர்லினில் நடைபெற்ற மாநாடொன்றில், ஆய்வுக்குழுவொன்று அப்பூட்டின் அடிப்படைக் குறையை விளக்கிற்று. நிறுவனத்தின் மின்கையொப்பம் பெற்ற நிரல்களை மட்டுமே பொறி இயக்கும். அக்கையொப்ப முறையில், ஒவ்வொரு முறையும் எவரும் ஊகிக்கவியலாத புதிய எண்ணொன்று வேண்டும். நிறுவனமோ ஒரே எண்ணையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தியிருந்தது. இரண்டு கையொப்பங்களை ஒப்புநோக்கின், பாடசாலை அட்சரகணிதத்தை ஒத்த கணிப்பொன்றினால் இரகசியத் திறவுகோலைப் பெற்றுவிடலாம். இத்தவற்றைச் செய்தோர் அறிவிலிகள் அல்லர். பிறர் கண் படாத அறையிலிருந்து பணியாற்றியவர்கள்.

2011 ஜனவரியில் ஹொட்ஸ் பொறியின் மூலத் திறவுகோலை வெளியிட்டார். சோனி அவர்மீதும் அக்குழுவினர்மீதும் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. ஏப்ரலில் ஹொட்ஸுடனான வழக்கு இணக்கத்தில் முடிந்தது. சோனிப் பொருட்களின் காவலை இனி உடைப்பதில்லை என அவர் உடன்பட்டார். அதே மாதத்தில், வேறோர் ஊடுருவலினால், பிளேஸ்டேசன் வலையமைப்பின் ஏறத்தாழ 7 கோடி 70 இலட்சம் கணக்குகளின் விபரங்கள் பிறர் கைக்குச் சென்றன. வழக்கினால் ஒருவரின் கையைத் தடுக்கலாம், குறையை அடைக்கவியலாது.

இதற்கு மாற்றுவழி முன்னரே அறியப்பட்டிருந்தது. தன் மென்பொருளின் குறைகளைக் கண்டு அறிவிப்போருக்குப் பரிசளிக்கும் திட்டத்தை நெற்ஸ்கேப் நிறுவனம் 1995 இலேயே தொடங்கியது. விளையாட்டுப் பொறிகளின் உலகம் அவ்வழிக்கு மெல்லவே வந்தது. நிண்டெண்டோ 2016 டிசெம்பரில் 100 முதல் 20,000 டொலர் வரை பரிசு அறிவித்தது. மைக்ரோசொப்ட் 2020 ஜனவரியில் தன் எக்ஸ்பொக்ஸ் வலையமைப்பிற்கு இத்தகைய திட்டத்தை அமைத்தது. அவ்வாண்டு ஜூனில் சோனியும் அவ்வழியைப் பின்பற்றியது. இதற்கிடையே, அதே ஹொட்ஸ் 2014 இல் கூகுளின் போட்டியொன்றில் அதன் இயங்குதளக் குறைகளைக் காட்டி 150,000 டொலர் பரிசு பெற்றார். கை ஒன்றே, அழைப்பு இருந்தமையும் இல்லாமையுமே வேறுபாடு.

எனினும், பரிசுப் பட்டியலொன்று அதனை வெளியிட்டவரின் அக்கறைகளையும் காட்டிவிடுகின்றது. சோனியின் 2020 ஆம் ஆண்டுப் பட்டியலில், பிளேஸ்டேசன் 4 பொறியின் மிகக் கடுமையான குறையொன்றுக்கான பரிசு 50,000 டொலரில் தொடங்கிற்று; மக்களின் விபரங்கள் தங்கும் வலையமைப்பின் அத்தகைய குறைக்கு 3,000 டொலரே குறிக்கப்பட்டது. பொறியின் குறையைக் காண்பது கடினம், ஆதலின் கூலியும் அதிகம் எனலாம். அதில் உண்மையுண்டு. ஆயினும் பொறியின் பூட்டு பெரிதும் காப்பது நிறுவனத்தின் விற்பனையை. வலையமைப்பின் பூட்டு காப்பது மக்களை. 2011 இல் இழப்புற்றோர் இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்து நோக்குவாராயின், அவர்க்கு அது எளிதில் ஆறுதல் தராது.

வழக்கினும் பரிசு மேலானது என்பதில் ஐயமில்லை. அந்நியனின் கண்ணைப் பகையென எண்ணாது துணையெனக் கொள்ளும் பண்பு அதிலுண்டு. ஆனால் எக்கதவைத் தட்டலாம், கண்டதை எப்போது வெளியிடலாம் என்பவற்றை இன்னும் பூட்டுக்குரியவரே தீர்மானிக்கின்றார். தான் வாங்கிய பொறியினுள் என்ன உள்ளது என அறிய விரும்பும் ஒருவருக்கு, அழைப்பின்றியும் அவ்வுரிமை உண்டா? 2010 ஏப்ரலில் எழுந்த இவ்வினாவிற்கு எப்பரிசுப் பட்டியலிலும் விடையில்லை.