வீசிங் என்று சொல்லி வைத்தேன்

தம்பிக்கு ஆஸ்துமா இல்லை. உறவில் யார் கேட்டாலும் 'கொஞ்சம் வீசிங்' என்று சொல்லி வந்தவன் நான்தான். பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

அவனுக்கு இருப்பது பொம்பே நோய். 1932இல் அந்தப் பெயர்கொண்ட டச்சு மருத்துவர் விவரித்தது. தசையில் தேங்கும் கிளைகோஜனை உடைக்க வேண்டிய ஆசிட் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதி அவனிடம் மிகக் குறைவு. முதலில் மாடிப்படி ஏற முடியவில்லை; பிறகு உதரவிதானம் தளர்ந்தது. மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறும். இரவில் கரியமிலவாயு வெளியேறாமல் தங்கி, காலையில் தலைவலியோடு எழுவான். அதற்குத்தான் பைபேப் கருவி: மூச்சை இழுக்கையில் கூடுதல் அழுத்தம், விடுகையில் குறைந்த அழுத்தம். சிபேப் ஒரே அழுத்தத்தில் தொண்டை அடைபடாமல் காக்கும், அவ்வளவே; சோர்ந்த தசைக்குக் கை கொடுக்காது. டாக்டர் படம் போட்டு விளக்கினார். எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாமல் உளறிவிட்டேன் என்று தப்பிக்க வழியில்லை.

மறைத்தது கல்யாணத்துக்காக. அக்கா மகனுக்கு என் மகளைப் பேசி வைத்திருக்கிறோம். எங்கள் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். இரு பக்கமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய். நோயில்லாத அக்காவும் நானும் அதைச் சுமக்க ஆளுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. பிள்ளைகள் இருவருமே சுமக்க ஒன்பதில் ஒன்று. கணக்கைப் போட்டேன், வாயை மூடிக்கொண்டேன்.

நான் ஊரில் இல்லாத ஓர் இரவு தம்பிக்குச் சளி கட்டியது. அக்காவும் அத்தானும் பக்கத்து நர்சிங் ஹோமுக்குத் தூக்கிப் போனார்கள். என்ன நோய் என்று கேட்டதற்கு, நான் சொல்லி வைத்ததையே அக்கா சொன்னாள். நெபுலைசர் வைத்தார்கள், ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். பைபேப் வீட்டிலேயே கிடந்தது. விரல் கிளிப் 98 காட்டியது. அவனோ மயங்கிக்கொண்டே போனான். ஆக்ஸிஜன் ஏறினாலும் கரியமிலவாயு இறங்கவில்லை. வென்டிலேட்டர் வரை போய்த்தான் திரும்பினான். அங்கிருந்த டாக்டர் கண்டுபிடித்திருக்க வேண்டாமா என்று கொஞ்ச நாள் அவர்மேல் பழி போட்டுப் பார்த்தேன். வீசிங் என்று கொண்டு போய் நிறுத்தினால் அவர்தான் என்ன செய்வார்!

இப்போது அக்காவுக்கு பைபேப் முகமூடி மாட்டத் தெரியும். நோயின் பெயரைச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறாள். பரம்பரை என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. ரத்தம் கொடுத்தால் மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். தை மாதம் நிச்சயதார்த்தம்.