கடல் என்னும் இரண்டாம் சிற்பி

சிற்பி உளியைக் கீழே வைத்ததும் சிலை முடிந்துவிடுகிறது என்பது நம் எண்ணம். உளியை வைத்த பிறகே வளரத் தொடங்கும் சிலைகளும் உலகில் உண்டு. அவை கடலுக்கடியில் நிற்கின்றன.

மேற்கிந்தியத் தீவுகளில் கிரெனடா ஒரு சிறிய நாடு. 2004ஆம் ஆண்டில் ஐவன் என்னும் சூறாவளி அதைச் சூறையாடியது. கடலோரப் பவழப்பாறைகளும் சிதைந்தன. 2006இல் ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் என்ற பிரித்தானியச் சிற்பி அங்குள்ள மொலினியர் விரிகுடாவில் சிமெண்டுச் சிலைகளை இறக்கினார். கடலுக்குள் மூழ்கிப் பார்க்க வருவோர் இச்சிலைகளை நாடினால், காயம்பட்ட பாறைகளுக்கு ஓய்வு கிடைக்கும் அல்லவா? அவற்றுள் புகழ்பெற்றது, 26 குழந்தைகள் வெளிப்புறம் நோக்கிக் கைகோத்து வட்டமாக நிற்கும் சிலை. உயிருள்ள குழந்தைகளிடம் அச்செடுத்து வார்த்த உருவங்கள் அவை.

கடல் தன் வேலையைத் தொடங்கியது. முதலில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் மெல்லிய படலமாகப் படியும். அதன்மேல் பாசி வளரும். பின்னர் கடற்பஞ்சும் குழாய்ப் புழுக்களும் பவழ உயிர்களும் குடியேறும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கண்ணும் மூக்கும் மறைந்துபோகும்.

அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தபோது எனக்கு முதலில் துயரமே உண்டாயிற்று. ஒரு குழந்தையின் முகம் அழிவதை வளர்ச்சி என்று சொல்வது எப்படி?

அழிவு எப்படியிருக்கும் என்பதற்கும் கடலில் சான்று உண்டு. 1900ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டின் அன்டிகைத்தெரா தீவருகே, கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள் பழங்காலக் கப்பலொன்றைக் கண்டார்கள். அதில் கிடைத்த பளிங்குச் சிறுவன் சிலை இன்று ஏதென்சு அருங்காட்சியகத்தில் உள்ளது. மண்ணில் புதைந்திருந்த பாகம் வழவழப்பாக இருக்கிறது. நீரில் வெளிப்பட்டிருந்த பாகத்தைக் கல் துளைக்கும் உயிர்கள் அரித்துவிட்டன. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். பவழம் கட்டும் வீடும் அதே கால்சியம் கார்பனேட்தான்! ஓரிடத்தில் கரைத்தெடுக்கும் கடல், வேறோரிடத்தில் கட்டிக் கொடுக்கிறது.

வேறுபாடு எங்கே? பளிங்குச் சிறுவன் கடலுக்காகச் செதுக்கப்பட்டவன் அல்லன், விபத்தால் விழுந்தவன். டெய்லரோ கடலுயிருக்கு ஊறு செய்யாத சிமெண்டைத் தேர்ந்தார். பவழம் பற்றிக்கொள்ள ஏற்றபடி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார். மாற்றம் வரும் என்று அறிந்து, அதற்கு இடம் வைத்தே செய்தார்.

என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விடுமுறைக்குப் போனால், "உன் பேச்சே மாறிப்போச்சுடா" என்கிறாள் அம்மா. அதில் பெருமையும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. மகன் முகம் மறைந்துவிடுமோ என்ற அச்சம் அது. எனக்கும் அந்த அச்சம் இல்லாமல் இல்லை. மாறாமலே இருக்க வேண்டுமானால் மண்ணுக்குள் புதைந்துதான் கிடக்க வேண்டும். அதற்காகவா அவள் என்னைப் படிக்க அனுப்பினாள்?

அந்த 26 குழந்தைகளின் படங்களில் இன்னொன்றையும் கண்டேன். முகங்கள் மாறிய பின்னும் அவர்கள் நின்ற வட்டம் கலையவில்லை. எதன்மேல் எது வளர்ந்தாலும், கோத்த கையை விடாதிருந்தால் போதும் என்று இப்போது நினைக்கிறேன்.