நொய்யல் கரையில் சீசரின் காசு

அருள்புரத்திலிருந்து பல்லடம் சாலை வழியே திருப்பூரை அடைந்து, அங்கிருந்து கிழக்கே நொய்யலாற்றை ஒட்டிச் செல்வோமாயின், கத்தாங்கண்ணி என்னும் சிற்றூர் எதிர்ப்படும். 1913-ஆம் ஆண்டில் இவ்வூர் மண்ணிலிருந்து 233 உரோமை வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பொறித்திருந்த முகங்கள் இருவருடையவை: ஒருவர் அகுஸ்து சீசர், மற்றவர் திபேரியு சீசர்.

இவ்விரு பெயர்களும் நமக்குப் புதியன அல்ல. அகுஸ்துவின் கட்டளையால் யோசேப்பும் மரியாவும் பெத்லகேம் சென்றனர். திபேரியுவின் பதினைந்தாம் ஆட்சியாண்டில் திருமுழுக்கு யோவான் போதிக்கத் தொடங்கினார் என்று லூக்கா குறித்து வைத்தார். வரி கொடுப்பது முறையா என்று கேட்டவர்களிடம் நம் ஆண்டவர் காட்டச் சொன்ன தெனாரியமும் இந்தத் திபேரியுவின் காசாகவே இருக்கவேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. அதன் ஒரு பக்கத்தில் பேரரசனின் தலையும், அவன் தெய்வமாகிய அகுஸ்துவின் மகன் என்னும் வாசகமும் இருக்கும். மறுபக்கத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணுருவமும், தலைமைக் குரு எனப் பொருள்படும் 'பொந்திபெக்ஸ் மாக்சிமுஸ்' என்னும் பட்டமும் காணப்படும். (இப்பட்டம் பிற்காலத்தில் திருத்தந்தையர்க்கு வழங்கலாயிற்று என்பது வரலாற்றின் வேடிக்கை.) தென்னிந்தியப் புதையல்களில் மிகுதியாகக் கிடைப்பவற்றுள் இவ்வகைக் காசும் ஒன்று. எருசலேமில் காட்டப்பட்டது போன்ற காசு நம் ஆற்றங்கரைக்கும் வந்திருக்கிறது!

திராட்சைத் தோட்ட உவமையில் ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். அக்கணக்கின்படி கத்தாங்கண்ணிப் புதையல் ஒரு கூலியாளின் 233 நாள் உழைப்பாகும். சனிக்கிழமைதோறும் சம்பளம் எண்ணும் திருப்பூர்க் குடும்பங்களுக்கு இதன் கனம் எளிதில் விளங்கும்.

இக்காசுகளுக்கு ஈடாக இங்கிருந்து சென்றது என்ன? விடையைத் தேடிக் காங்கேயம் சாலையிலுள்ள படியூருக்குச் செல்லவேண்டும். கடல்நீர் வண்ணங்கொண்ட பெரில் என்னும் மணிக்கல் அவ்வூர் நிலத்தில் விளைந்தது. 1819, 1820-ஆம் ஆண்டுகளில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் அங்கே 2196 கற்களை எடுத்தார். திருவெளிப்பாட்டில் புதிய எருசலேமின் மதிலுக்கு எட்டாம் அடிக்கல்லாகச் சொல்லப்படுவதும் இக்கல்லே. இந்தியாவிற்கு வெளியே இது கிடைப்பது அரிது என்று, கி.பி. 79-இல் வெசூவியு எரிமலைச் சீற்றத்தில் இறந்த பிளினி எழுதினார். இந்தியர் பளிங்கிற்குச் சாயமேற்றிப் போலிப் பெரில் செய்வதில் வல்லவர் என்றும் அவர் குறைபட்டுக்கொண்டார். சாயத்தொழிலில் நம்மவர் கைத்திறன் பழமையானதுதான் போலும்!

உரோமையின் மனக்குறை இதனோடு நிற்கவில்லை. பெண்களின் மணிக்கற்களுக்காக நம் பணம் அந்நிய நாட்டாரிடம் போகின்றதே என்று கி.பி. 22-இல் ஆட்சிமன்றத்திற்கு மடல் எழுதியவர் வேறு யாருமல்லர், திபேரியுவேதான். அவருடைய முகம் பொறித்த காசுகளே அவ்வாறு வெளியேறிக்கொண்டிருந்தன. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர்சு இந்தியாவிற்குப் போகின்றது என்று பிளினி கணக்கிட்டார். நான்கு செஸ்தர்சு ஒரு தெனாரியம். லோலியா பவுலினா என்னும் சீமாட்டியை ஒரு நிச்சயதார்த்த விருந்தில் கண்டதாகவும், அவள் அணிந்திருந்த மரகதமும் முத்தும் மட்டும் நான்கு கோடி பெறும் என்றும், அதற்கான பற்றுச்சீட்டுகளைக் காட்டவும் அவள் ஆயத்தமாயிருந்தாள் என்றும் அவரே எழுதுகிறார். நகையின் விலை நமக்குத் தெரிகிறது. கல்லைப் பட்டை தீட்டியவனின் கூலியை எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை.

திபேரியுவின் காலத்தில் அகுஸ்துவின் உருவம் பொறித்த காசைக் கழிப்பிடத்திற்குக் கொண்டு செல்வதே மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று என்று சுவெத்தோனியுஸ் கூறுகிறார். தமிழகத்திலோ நிலைமை வேறு. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 உரோமைப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் பேரரசர்களின் தலைமீதே உளியால் வெட்டியிருந்தார்கள். பொன்னைச் சோதித்தார்களோ, காசாகச் செல்லாதபடி செய்தார்களோ, அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உண்டு. தெய்வத்தின் மகன் என்ற வாசகம் அவர்களை அச்சுறுத்தவில்லை என்பது மட்டும் உறுதி.

பயணத்தின் முடிவில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலுக்கு வருவோம். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று குறிக்கும் ஊர் இதுவே என்பர். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கு அகழ்ந்தபோது, மணிகள் செய்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், நூல் நூற்ற சுடுமண் தக்களிகளும் வெளிப்பட்டன. பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் மக்கள் தங்கள் பெயர்களைக் கீறியிருந்தார்கள். பண்ணன் என்பது ஒரு பெயர்; சம்பன் சுமணன் என்பது மற்றொன்று.