ஒரு கிழட்டுக் குதிரையும் கால் மைலும்

டெக்சாஸ்ல, ஹூஸ்டனுக்குக் கிழக்கே பேடவுன்ங்கிற ஊர்ல ஒரு டிராக் ரேஸ் தடம் இருந்துச்சு. 1988-ல திறந்தாங்க, 2023-ல மூடிட்டாங்க. அந்தப் பக்கமா போறப்பல்லாம் மனசு ஒரு மாதிரி ஆயிடுது. அதனால இன்னிக்குக் கொசுவத்தி சுத்தல்தான். பொறுத்துக்கோங்க மக்களே.

2014-ல ஒரு மஸ்டாங் ஜி.டி. வாங்கினேன். 2001 மாடல், 4.6 லிட்டர் வி8, அஞ்சு கியர். ஏற்கெனவே 1,46,000 மைல் ஓடின வண்டி, விலை 4,200 டாலர். தங்கமணி வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்து பார்த்துட்டு, "நம்ம கல்யாணத்தை விட இதுக்கு வயசு ஜாஸ்திங்க"ன்னாங்க. அப்புறம் ரெண்டு கண்டிஷன். வண்டியில என்ன நோண்டினாலும் மொத்தச் செலவு 1,500 டாலரைத் தாண்டக் கூடாது. திங்கக்கிழமை காலையில அவங்களை ஆபீஸ்ல கொண்டு போய் விட வண்டி ஓடணும். வீட்டுல இருந்ததே அந்த ஒரு வண்டிதான்.

டிராக் ரேஸ்ல வளைவு நெளிவெல்லாம் கிடையாது. நேரா கால் மைல், அதாவது 402 மீட்டர். மூணு மஞ்சள் விளக்கு அரை நொடிக்கு ஒண்ணா எரியும், பச்சை வந்ததும் மிதிக்க வேண்டியதுதான். பந்தயம் இல்லாத சில ராத்திரிகள்ல காசு கட்டினா யார் வேணா சொந்த வண்டியில ஓட்டலாம். முடிஞ்சதும் ஒரு துண்டுச் சீட்டுல நம்ம யோக்கியதையை ஆயிரத்துல ஒரு பங்கு நொடி வரைக்கும் அச்சடிச்சுக் கையில கொடுத்துடுவாங்க.

என் குறி 13.99. ஏன்னா அந்த நேரத்துலயோ அதுக்குக் கம்மியாவோ ஓடினா ஹெல்மெட் கட்டாயம்ங்கிறது விதி. ஹெல்மெட் கட்டாயம்னு சொல்ற அளவுக்கு வேகமா போகணும்னு ஒரு கிறுக்கு. அதனால வண்டியில ஒரு போல்ட்டைக் கூடத் தொடாம முதல்ல 150 டாலருக்கு ஹெல்மெட் வாங்கினேன். சிரிக்காதீங்க.

ஆகஸ்ட்ல முதல் ஓட்டம். 15.12. பக்கத்துத் தடத்துல வந்த அக்கார்டோட பின்சீட்டுல குழந்தை உட்கார்ற சீட்டு கட்டியிருந்துச்சு. அது என்னை முந்திட்டுப் போச்சு. அவ்வ்வ்வ்!

உடனே புத்தி நைட்ரஸ் பக்கம் போச்சு. ஒரு சிலிண்டரை டிக்கியில வச்சு, குழாய் இழுத்து விட்டா ஒரே நாள்ல 75 குதிரை சக்தி கூடும். தெருக்கோடியில ஒரு மெக்சிகன் பெரியவர் இருந்தார், ரிட்டயர் ஆன மெக்கானிக். அவர்கிட்ட போய்ச் சொன்னேன். ஒண்ணும் பேசல. எட்டு பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலயும் கம்ப்ரஷன் மீட்டரை வச்சுப் பார்த்தார். ஏழு சிலிண்டர் 170-ஐ ஒட்டி நின்னுச்சு. ஒண்ணு மட்டும் 140.

"ஆபீஸ் போயிட்டு வர இது போதும். நைட்ரஸ் உள்ள ஆக்சிஜனை அள்ளிக் கொட்டும். அந்த நேரம் பெட்ரோல் கொஞ்சம் குறைஞ்சாலும் பிஸ்டன் மெழுகுவத்திதான். சரி, இது உன் பந்தயக் குதிரையா, உன் பொண்டாட்டியோட பஸ்ஸா?"ன்னு கேட்டார். பஸ்தான் ஐயான்னேன்.

முதல் 310 டாலர் கண்ணுக்கே தெரியாத வேலைக்குப் போச்சு. பிளக், பெட்ரோல் ஃபில்டர், எல்லா ஆயிலும், பிரேக் பேட். "கோட்டைத் தாண்டுறப்ப மணிக்கு 95 மைல்ல இருப்பே, நிக்க வேண்டாமா?"ன்னார். அடுத்து பின் அச்சுல இருந்த 3.27 கியரை எடுத்துட்டு 4.10. கூலியோட 480. கிளம்பறப்ப முதுகுல யாரோ எத்துற மாதிரி இருந்துச்சு. ஆனா ஸ்பீடோமீட்டருக்கு விஷயம் தெரியாதே! நிஜமா 60-ல போனா 75-னு காட்டும். தங்கமணி எட்டிப் பார்த்து அலறினதுல பக்கத்து லேன்காரன் திரும்பிப் பார்த்தான்.

அப்புறம் 160 டாலருக்கு ஒரு ஜோடி பழைய டிராக் ரேடியல் டயர். தடத்துல போய் மாட்டி, காத்தை 20-க்கு இறக்கிட்டா பசை மாதிரி ஒட்டும். இங்கதான் வந்துச்சு ஆப்பு. அதுவரைக்கும் சாதா டயர் வழுக்கினதால கிளட்ச் தப்பிச்சுக்கிட்டு இருந்திருக்கு. டயர் பிடிச்சதும் கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சுடுச்சு. ஒரே கருகல் வாசம். பழைய வண்டியில ஒரு இடத்தை பலப்படுத்தினா, அடுத்து எது சொத்தைன்னு அதுவே கையைத் தூக்கிக் காட்டும்.

கிளட்ச் 290. கூலிக்குக் காசில்லை, பெரியவர் கராஜ்ல நானே படுத்தேன். சனி, ஞாயிறுல முடிஞ்சுடும்னு கணக்கு. ஞாயிறு ராத்திரி கியர் பாக்ஸ் தரையில கிடக்கு, ஒரு போல்ட் முறிஞ்சு உள்ள மாட்டிக்கிச்சு. திங்கக்கிழமை காலையில தங்கமணி கூட வேலை பார்க்கிறவங்க வண்டியில ஏறிப் போனாங்க. திட்டல. மூணு நாள் ஒரு வார்த்தை பேசல, அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

டிசம்பர்ல ஒரு ராத்திரி, நல்ல குளிர். ஆகஸ்ட்ல இருந்த புழுக்கம் போய், காத்து அடர்த்தியா என்ஜினுக்குத் தோதா இருந்துச்சு. பின்சீட்டையும் ஸ்டெப்னியையும் வீட்டுலயே இறக்கி வச்சாச்சு. ஓட்டத்துக்கு ஓட்டம் பானட்டைத் திறந்து, இன்டேக் மேல ரெண்டு டாலர் ஐஸ் மூட்டை. 14.31. அப்புறம் 14.15. முதல் 60 அடிக்கு ஆகஸ்ட்ல 2.4 நொடி ஆச்சு, இப்ப 2-க்குக் கீழ வந்துடுச்சு. மூணாவது ஓட்டம் முடிஞ்சு ஹெல்மெட்டோடயே சீட்டை வாங்கிப் பார்த்தேன்.

14.004.

இன்னொரு ஓட்டத்துக்கு நேரம் இருந்துச்சு. வரிசையில நின்னேன். முன்னாடி ஆறு வண்டி. கிளட்ச்ல இருந்து லேசா அந்தக் கருகல் வாசம். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை.

வரிசையை விட்டு வெளிய வந்து, சாதா டயரை மாட்டிக்கிட்டு, மீட்டர்ல 75 காட்ட 60-லயே வீடு வந்து சேர்ந்தேன். காலையில ஏழரைக்கு அவங்களை ஆபீஸ்ல இறக்கி விட்டப்ப, "என்ன வந்துச்சு?"ன்னு கேட்டாங்க. சீட்டைக் கொடுத்தேன். படிச்சுட்டு, "அப்ப ஹெல்மெட் தண்டமா?"ன்னாங்க :-)

2016-ல வண்டியை வித்துட்டேன். செலவு மொத்தம் 1,390. மிச்சம் 110 டாலரை அன்னிக்கே தங்கமணி வாங்கிக்கிட்டாங்க. சீட்டு இன்னும் ஃபிரிட்ஜ் கதவுல இருக்கு. மை மங்கிப்போய், கடைசி நாலு மட்டும் ஒன்பது மாதிரி தெரியுது.