பத்தடி அறையில் ஓர் இல்லம்

ஆண்டுதோறும் ஜூன் திங்கள் பிறந்ததும் கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் தேனி நோக்கி வரும் பேருந்துகளில் பெட்டி படுக்கைகளோடு இளம்பிள்ளைகள் ஏறுவதைக் காணலாம். விடுதியில் தங்கிப் படிக்கப் புறப்பட்டவர்கள் அவர்கள். அதே பேருந்துகளில், யார் கண்ணிலும் அதிகம் படாமல், முதியோர் சிலரும் ஏறுகின்றனர். வாழ்க்கைத் துணையை இழந்து, ஊரிலுள்ள திண்ணை வீட்டைப் பூட்டிவிட்டு, நகரத்தில் மகனுடைய வாடகை வீட்டின் ஓர் அறைக்குக் குடிபெயர்பவர்கள். பதினேழு வயதுக்கும் எண்பது வயதுக்கும் கிடைப்பது ஏறக்குறைய ஒரே அளவுள்ள இடந்தான்: பத்தடிக்கு எட்டடி. 1996-இல் தேனி தனி மாவட்டமான பின்னர் அலுவல் நிமித்தம் இங்குக் குடியேறிய குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. இவ்விரு வகை அறைகளையும் ஒழுங்குசெய்யும் பொறுப்பு எங்களுக்கு வாய்த்தமையால் இதனை எழுதத் துணிந்தோம்.

அறையை அழகுபடுத்துவது என்றதும் கடைக்கு ஓடுவதே இன்றைய வழக்கமாகிவிட்டது. பிளாஸ்டிக் பூங்கொத்து, சுவரில் ஒட்டும் வண்ணத்துப்பூச்சி, கண் சிமிட்டும் விளக்குச் சரம் என்று கை நிறைய வாங்குகின்றனர். மூன்றே மாதத்தில் அத்தனையும் புழுதி சுமக்கின்றன. சிறிய அறைக்கு முதற்பகை மிகுதியான பொருள்களே என்பது எங்கள் கருத்து. சூனேம் ஊர்ப் பெண்மணி இறைவாக்கினர் எலிசாவுக்காக மாடியில் ஒரு சிற்றறை அமைத்த செய்தியை அரசர் இரண்டாம் நூலில் நாம் படித்திருக்கிறோம். அவள் வசதி படைத்தவள். ஆயினும் அவள் அங்கு வைத்தவை கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு ஆகிய நான்கே. ஓவியர் வான்கோ 1888-இல் பிரான்சு நாட்டின் ஆர்ல் நகரில் தமது படுக்கையறையைத் தீட்டியபோதும் கட்டில், சிறு மேசை, இரு நாற்காலிகள், சுவரில் சில படங்கள் என்பவற்றுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. காண்பவர்க்கு ஓய்வின் உணர்வைத் தர விரும்பிய அவர், அதனை நிறங்களைக் கொண்டே செய்தார். கட்டிலின் மீதுள்ள சிவப்புப் போர்வை ஒன்றே அந்த எளிய அறையை நிறைத்துவிடுகிறது.

நிறத்தைக் குறைந்த செலவில் தர வல்லது துணியே. துணிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. பெரியகுளத்தில் 1971-இல் தொடங்கப்பெற்ற ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியில் எங்கள் மகள் சேர்ந்தபோது, ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியில் நெய்யப்பெற்ற அரக்கு நிறப் பருத்திச் சேலை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தோம். பல ஆண்டு உடுத்தி, துவைத்துத் துவைத்து மென்மையேறிய சேலை. அதன் நீளம் 5½ மீட்டர். கட்டில் விரிப்புக்கு 2¼ மீட்டர், சன்னல் திரை இரண்டுக்கும் சேர்த்து 2½ மீட்டர், எஞ்சிய ¾ மீட்டரில் ஒரு தலையணை உறை. துண்டுகூட வீணாகவில்லை. கட்டிலும் சன்னலும் ஒரே துணியால் ஆனபோது, நால்வர் தங்கும் அறையில் அவளுடைய மூலை தனித்து, ஒழுங்கோடு தெரிந்தது. ஆடிக் காற்று இப்பள்ளத்தாக்கில் திரைச்சீலையைக் கொடியாக்கிவிடும் என்பதால், அடிமடிப்பில் பழைய பத்துக் காசுகளை வைத்துத் தைத்துக் கொடுத்தோம். செல்லாக் காசுக்கும் ஒரு வேலை கிடைத்தது!

சுவரில் ஆணி அடிப்பதை விடுதியும் விரும்பாது, வீட்டுக்காரரும் விரும்பமாட்டார். சன்னல் கம்பியில் குறுக்கே ஒரு மெல்லிய தென்னங்கயிறு கட்டி, துணிக்குப் போடும் கவ்விகளால் படங்களையும் கால அட்டவணையையும் தொங்கவிட்டால் போதும்.

வாடகை வீட்டின் சுவர் சுண்ணாம்புச் சுவராக இருந்தால் அது நற்பேறு. சுண்ணாம்பை முதல்நாள் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, கையில் ஒட்டாதிருக்கச் சிறிது வச்சிரப் பசையும் வெண்மை கூட ஒரு சிட்டிகை நீலமும் கலந்து இருமுறை அடித்தால், சன்னலில் நுழையும் சிறு வெளிச்சமும் அறை முழுதும் பரவும். முன்பே பெயின்ட் பூசிய சுவரில் சுண்ணாம்பு நிற்காது, உரிந்துவிடும். அத்தகைய சுவரைச் சோப்புநீரால் துடைத்துவிட்டு அப்படியே விடுவது மேல்.

எங்களில் ஒருவருக்கு அன்னையும் மற்றவருக்கு அத்தையுமான அப்பத்தா எங்களிடம் வந்தது அதற்கடுத்த ஆண்டில். மகள் அழைப்பதைக் கேட்டுக் கேட்டு இப்போது நாங்களும் அப்பத்தா என்றே சொல்கிறோம். வெள்ளையடித்து வெறுமையாய் இருந்த முன்னறையை அவருக்கென ஒதுக்கினோம். இரண்டு நாள் அவர் தம் துணி மூட்டையை அவிழ்க்கவே இல்லை. வாசற்படியில் அமர்ந்து, "போற ஆளுக்கு எதுக்குய்யா அறை?" என்றார். மெத்தை வாங்குங்கள், தொலைக்காட்சி வையுங்கள் என்று உறவினர் பலவாறு சொன்னார்கள். விடுமுறைக்கு வந்திருந்த மகள்தான் அவரருகே தரையில் அமர்ந்து, "அப்பத்தா, படுத்துக்கிட்டே நீ எதைப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

"மலையைப் பாக்கணும்டி."

மேற்குச் சன்னலை ஒட்டிக் கட்டில் போடப்பட்டது. ஊரிலிருந்து வந்த கயிற்றுக் கட்டிலே; ஆனால் தாழ்ந்த கட்டிலிலிருந்து எழ முழங்கால் இடங்கொடுக்கவில்லை. தச்சரிடம் குழி வெட்டிய நான்கு மரக்கட்டைகள் செய்து வாங்கி, கால்களுக்கு அடியில் கொடுத்து, அமர்ந்தால் பாதம் தரையில் முழுமையாகப் பதியும் அளவுக்கு உயர்த்தினோம். கட்டிலிலிருந்து குளியலறைக் கதவு வரை தரையில் ஒன்றும் வைக்கவில்லை. வழுக்கும் கால்மிதியையும் அகற்றினோம். இரவில் எரிய மஞ்சள் ஒளி தரும் சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்று.

மறுநாள் அவரே பேசத் தொடங்கினார். தேயிலைப் பெட்டி வேண்டும் என்றார். தாத்தா ஒரு காலத்தில் மேகமலைத் தோட்டத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்த ஒட்டுப்பலகைப் பெட்டி அது. ஓரங்களில் தகரப் பட்டை, உள்ளே ஈயத்தாள். தேயிலையைக் காகிதச் சாக்குகளில் அடைக்கத் தொடங்கிய பின் அத்தகைய பெட்டிகள் அரிதாகிவிட்டன. அதைத் துடைத்து, கட்டிலருகே கவிழ்த்து, மாதா படத்தையும் செபமாலையையும் தண்ணீர்ச் செம்பையும் மருந்துகளையும் அதன்மேல் வைத்தோம். கடையில் விற்கும் எந்தச் சிறு மேசையும் அத்துணை அழகாய் இருந்திராது.

எஞ்சிய மூலையில் ஓர் அலமாரி வைக்க எண்ணி நாங்கள் அளவெடுத்தபோது அப்பத்தா தடுத்தார். "அந்தப் பக்கம் ஒண்ணும் வைக்காதீங்க. ரெண்டு பாய் விரிக்கணும்."

"யாருக்கு அப்பத்தா?"

"ஊர்லேருந்து யாராச்சும் வந்தா?"

அறை சிறிது என்பதன்று, அந்த அறைக்கு ஒருவரும் வரமாட்டார்களோ என்பதே அவரை இரண்டு நாளாய் வாசற்படியில் அமர்த்தியிருந்தது. இரண்டு கோரைப் பாய்கள் வாங்கிச் சுருட்டி, அம்மூலையில் நிறுத்தினோம். கானாவிலக்கு அரசு மருத்துவமனையில் காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டிய ஊர்ப் பெண்கள் முதல்நாள் மாலையே வந்து தங்கத் தொடங்கினர். நள்ளிரவு வரை பேச்சு ஓயாது. சுண்ணாம்பு, மரக்கட்டைகள், விளக்கு, பாய்கள் யாவும் சேர்ந்து எங்களுக்கு ஆன செலவு 1,500 ரூபாயைத் தாண்டவில்லை.

படிப்பு முடிந்த மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அங்கும் ஒற்றை அறைதான். அதே அரக்கு நிறத் திரைதான். சென்ற முறை வந்திருந்தபோது தேயிலைப் பெட்டியின் மேல் அவள் கண் விழுந்தது. "என் ரூமுக்கு இதைக் கொடுத்துடு அப்பத்தா, ரொம்ப நல்லா இருக்கும்" என்று கொஞ்சினாள்.

"கொஞ்ச நாள் பொறுடி," என்றார் அப்பத்தா. "இப்ப அதுமேல என் மாத்திரை இருக்கு."