கால் போத்தல் இன்னும் இருக்குது

போன ஆவணியில் கனடாவிலிருந்து வந்த மாமா ஒருவர் எங்களிடம் ஒரு போத்தலைத் தந்துவிட்டுப் போனார். "பிள்ளையள், இதை மடக்கு மடக்கெண்டு குடிச்சு முடிச்சுப் போடாதேங்கோ. மணந்து மணந்து குடிக்கிற சாமான்" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கிளிநொச்சியில் நாங்கள் பார்த்து வளர்ந்த குடி, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே இழுவையில் இழுத்துவிட்டு முகத்தைச் சுழிக்கிற குடி. அதில் மணக்க என்ன இருக்கு?

நாங்கள் ஐந்து பேர். எல்லாரும் 21 வயதைத் தாண்டியவர்கள். இரண்டு பேர் பெண்கள். பெண்களுக்கு மதுசாரம் விற்கக்கூடாது என்று 1979 இல் வந்த தடையை 2018 தை மாதம் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பி எடுக்கச் சொன்னார். இது மாமாவின் போத்தல் என்றபடியால் எங்களில் ஒருத்தரும் கடை வாசலில் போய் நிற்க வேண்டி வரவில்லை.

போத்தலில் இருந்தது ரை விஸ்கி. ரை என்பது குளிர்நாட்டுத் தானியம், கோதுமைக்குச் சொந்தக்காரன். அமெரிக்கச் சட்டப்படி ரை விஸ்கிக்குப் போடுகிற தானியத்தில் 51 வீதமாவது ரை இருக்கவேண்டும். உள்பக்கம் கருக்கிய புது ஓக் மரப் பீப்பாவில்தான் அதை வைக்கவேண்டும். எங்கள் போத்தல் அதோடு நிற்கவில்லை. ஓக்கில் இருந்ததைக் கடைசியில் அம்புரானா என்ற மரத்தால் செய்த பீப்பாவுக்கு மாற்றி, கொஞ்சக்காலம் விட்டிருக்கிறார்கள். அம்புரானா பிரேசில் மரம். அங்கே கரும்புச் சாற்றில் வடிக்கிற கஷாசாவை அதில் வைப்பார்கள். ஸ்கொட்லாந்தில் இந்த விளையாட்டு நடக்காது. ஓக்கைத் தவிர வேறு மரத்தில் வைத்தால் அது ஸ்கொச் இல்லை.

எங்களிடம் விஸ்கிக் கிளாஸ் இல்லை. தேத்தண்ணிக் கிளாஸை எடுத்தோம். ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு. ஐஸ் போடவில்லை, சோடாவும் இல்லை. மாமா சொன்னபடி வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு மணந்தோம். வாயை மூடிக்கொண்டு மணந்தால் மதுசாரம் நேரே மூக்கில் ஏறிக் குத்தும்.

"கறுவா" என்றாள் ஒருத்தி. "கிறிஸ்மஸ் கேக்" என்றான் மற்றவன். நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டதும் மணம் இன்னும் விரிந்தது. வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, பிறகு நாக்கு நுனியில் மிளகு ரசம் மாதிரி ஒரு கடி. அந்தக் கடி ரையின் குணம். கேக் மணம் மரத்தின் குணம்.

எங்களில் ஒருவன் குடிக்கிறதில்லை. அவனுடைய அப்பாவைக் கசிப்புத்தான் கொண்டுபோனது. சண்டை முடிந்து வீடு திரும்பிய பிறகு நடந்த சாவு. அவனைக் கூப்பிடுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் அவனிடமே கேட்டோம். "வாறன், எனக்குப் பிளேன்ரீ போதும்" என்றான். எல்லாரும் மணந்து கதைத்துக்கொண்டிருக்க, "ஒருக்காத் தா, மணந்து பாப்பம்" என்று கிளாஸை வாங்கினான். கனநேரம் வைத்திருந்தான்.

"வைக்கோல்" என்றான். "சூடடிச்ச அடுத்தநாள் வைக்கோல் போரில படுத்தா வருமே, அது."

திரும்ப மணந்தோம். சரிதான், வைக்கோலேதான். பிறகு தேடிப் பார்த்தால் அம்புரானா மரத்தில் குமாரின் என்றொரு பொருள் இருக்கிறதாம். வெட்டிக் காயவிட்ட புல்லின் மணமும் அதனால்தான். குடிக்கிற நாலு பேருக்கும் பிடிபடாததைக் குடிக்காதவன் கண்டுபிடித்தான்.

கிளாஸைத் திருப்பித் தரும்போது, "அப்பாவில ஒருநாளும் இப்பிடி மணந்ததில்லை" என்றான். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை பக்கத்து வீட்டுத் தச்சு ஐயாவிடம் பிரேசில் மரக் கதையைச் சொன்னோம். அவருக்கு அது புதினமாகவே இல்லை. "ஏன், தெற்கில தென்னஞ்சாராயத்தைச் சமண்டலையில தானே வைக்கிறவங்கள். அது எங்கட காட்டு மரமடா." சாவண்டலை என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்று பெயர் வைத்து ஏற்றுமதி செய்தார்கள். சென்னைக் கரையில் ஓடிய மசூலாப் படகுகளுக்கும் அது போனது. ஓக் மாதிரி நிறத்தையும் மணத்தையும் அள்ளிக் கொட்டாத மரம். அதனால் சாராயத்தில் தென்னங்கள்ளின் குணம் தங்கி நிற்கும்.

மரம் வன்னிக் காட்டில். பனையும் எங்களிடம். ஆனால் எங்கள் கள்ளு தவறணையில் அன்றன்றைக்கே முடிந்துவிடும். பனஞ்சாராயம் வடிக்க வடமராட்சியில் திக்கம் வடிசாலை இருக்கு. பனஞ்சாராயத்தைச் சமண்டலைப் பீப்பாவில் போட்டு ஆறவிட்டால் எப்படி இருக்கும் என்று ஐயாவிடம் கேட்டோம். "நல்லாத்தான் இருக்கும். ஆனா உந்த மரங்களை வாளில வைக்கேக்க எனக்கு நெஞ்சு பதறும். உள்ளுக்க செல் துண்டு இருந்தா வாள்ப் பல்லு போயிடும். காந்தம் பிடிச்சுப் பாத்துத்தான் அறுக்கிறனான்" என்றார். பிறகு, "முதல்ல நாலு கண்டு நடுங்கோ. பீப்பாவைப் பிறகு பாப்பம்" என்று சிரித்தார். கேட்டு வைத்திருக்கிறோம். மாரி தொடங்க நடவேண்டும்.

அந்த இரவுக்குப் பிறகு எங்கள் மேசைக்குச் சில பழக்கங்கள் வந்துவிட்டன. முதலில் சாப்பாடு, மரவள்ளிப் பொரியலாவது. ஆளுக்கு ஒரு கரண்டி, கூடினால் இரண்டு. பக்கத்தில் தண்ணீர். குடித்தவர் மோட்டார் சைக்கிளைத் தொடக்கூடாது. பிளேன்ரீக் கேத்தில் அதே மேசையில்தான் இருக்கும், அடுப்படியில் இல்லை. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் "ஒரு சொட்டுத்தானே, ஒண்டும் செய்யாது" என்று கிளாஸை நீட்டுகிற கைகளை எங்களுக்குத் தெரியும். எங்களில் சிலரின் கைகளும் அப்படி நீண்டிருக்கின்றன. 'வேண்டாம்' என்றவனை இரண்டாம் முறை கேட்கிறதில்லை என்பதுதான் இப்போது முதல் பழக்கம்.

கால் போத்தல் இன்னும் அலுமாரியில் இருக்குது. குடிக்காதவன்தான் வரும்போதெல்லாம் மூடியைத் திறந்து மணந்துவிட்டு வைக்கிறான். "வைக்கோல் மணம் போகேல்லை" என்று போன கிழமையும் சொன்னான்.